ராசோன் சந்தையில் வாங்கின கருவாடு

அன்பு மகன் தோங்சுவுக்கு,

யென்ஜியில் நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாம இருக்கோம். சியோலில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுறதா சொல்றே, நம்பிக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, வாய்தான் குறையலை. நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வட கொரியாவுக்குப் போய்ட்டு வந்ததை அவர் உளறி, நீ போனில் அந்தக் கத்து கத்தினியே, அதையெல்லாம் போனில் பேச முடியுமாடா? அதான் பார்சலோட இந்தக் கடிதம். கோபப்படாம முழுசாப் படி.

ஒக்சில் பெரியம்மாவை நீ பார்த்ததில்லை. இங்கே சீனாவில் பஞ்சம் வந்த காலத்தில் வயிற்றுப்பாட்டுக்காக ஆற்றைத் தாண்டிப் போன எங்க அக்கா, அங்கேயே கல்யாணமாகித் தங்கிட்டா. அவளைப் பார்க்கணும்னு ரெண்டு தடவை அனுமதி கேட்டேன், இல்லைன்னுட்டாங்க. மகன் தெற்கே வேலை பார்க்கிறானேன்னு இழுத்தாங்க, அதுக்காக நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே. சொந்தக்காரிக்குத்தானே கதவு சாத்தியிருக்கு, சுற்றுலாக்காரிக்குத் திறந்துதானே இருக்குன்னு சீனக்காரங்க கூட்டத்தோட பஸ் ஏறிட்டேன். மீன் லாரிக்காரர் மூலமா அக்காவுக்கு முன்னாடியே சேதி அனுப்பியிருந்தேன். ராசோன் சந்தையில் கருவாட்டுக் கடையில் உட்கார்ந்திரு, நான் வாங்க வர்றவளா வர்றேன், தெரிஞ்சவங்க மாதிரிக் காட்டிக்க வேண்டாம்னு. மாட்டிக்கிட்டா என்னைத் திருப்பி அனுப்புவாங்க, அவ்வளவுதான். விசாரணைன்னு இழுத்துட்டுப் போறது அவளைத்தான்.

முதலில் பாலர் பள்ளிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. குழந்தைங்க ஆடிப் பாட, எங்க பஸ்காரங்க கை தட்டினாங்க. வாத்தியாரம்மா ஒரு பிள்ளை காதில், இன்னும் ஒரே ஒரு பாட்டுதான் கண்ணு, அப்புறம் மூக்கைத் துடைச்சுக்கலாம்னு சொன்னது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் புரிஞ்சுது. எங்கம்மா பேசின கொரியப் பேச்சுடா அது. சொந்த சனங்களை டிக்கெட் வாங்கிப் பார்க்க வந்திருக்கேனேன்னு வெட்கமாப் போச்சு.

சந்தையில் எங்க வழிகாட்டிப் பொண்ணு உன்சிம் பின்னாடியே வந்தா. அக்கா கடைசி வரிசையில் இருந்தா. பல்லெல்லாம் போய், பாதியா இளைச்சுப் போய். என்ன விலைன்னு கேட்டேன். அவ காகிதத்தில் சுற்றி ஒரு கையால் அலட்சியமா நீட்டினா. நான் பாவி, இடுப்பு வளையக் குனிஞ்சு ரெண்டு கையாலும் வாங்கிட்டேன்! பெரியவங்க கொடுத்தா அப்படித்தான் வாங்கணும்னு எங்கம்மா தலையில் குட்டிக் குட்டிப் பழக்கினது. கருவாட்டுக்காரியைக் கும்பிடுற சுற்றுலாக்காரி எங்கேயாவது உண்டா?

உன்சிம் பக்கத்தில் வந்து, உங்களுக்குத் தெரிஞ்சவங்களாம்மான்னு கேட்டா. அக்காதான் சட்டுனு, அட நீ வேற, ஒரு மீன் கூடப் போட்டுட்டேன், அதுக்கே இந்த அக்கரைக்காரி காலில் விழப் பார்க்கிறா, அங்கே கருவாட்டுக்கே பஞ்சம் போலன்னு சந்தைக்கே கேட்கிற மாதிரி கத்தினா. பக்கத்துக் கடைப் பொம்பளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், கண்ணில் தண்ணி வர்றதுக்கு அது வசதியா இருந்தது. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. உன்சிம் அவளைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. நல்ல மீனாப் பொறுக்கி எடுங்கம்மா, அவசரமில்லைன்னு சொல்லிட்டு மற்றவங்களை நண்டு பார்க்கக் கூட்டிட்டுப் போயிட்டா. அந்தப் பொண்ணு எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும்.

கிடைச்ச அந்தக் கொஞ்ச நேரத்தில் அக்கா தலையைத் தூக்காம மீனைப் பொறுக்கிக்கிட்டே ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. உன் மகன் வயிறாரச் சாப்பிடுறானான்னு. சாப்பிடுறான்க்கான்னேன். சாப்பிடுறேதானே?

மழையில் நனையாதே, இதைப் படிச்சதும் கிழிச்சுப் போடு, யார்கிட்டயும் மூச்சு விடாதே. நீ நோய்நொடி இல்லாம நல்லா இருக்கணும். பார்சலில் பாதிக் கருவாடு இருக்கு. அங்கே வர்ற நம்ம பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட, முதல்ல கடிதத்தைக் கொடு, அவன் படிச்ச பிறகு பார்சலைக் கொடுன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். உன்னைவிடச் சின்னவதான், ஆனாலும் குனிஞ்சு ரெண்டு கையாலும் வாங்கு. கொடுக்கிறது உன் பெரியம்மா.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கிற
அம்மா