சாமான் கட்டுகிற கயிறு

சாலைக் கடைத்தெரு,
திருவனந்தபுரம்.
4.4.2001

அன்பும் மதிப்பும் உள்ள வேலப்பன் அத்தானுக்கு,

கோலப்பன் எழுதுவது. இங்கே நான், பார்வதி, பிள்ளைகள் எல்லோரும் சுகம். அக்காவும் ஷில்பாவும் டெல்லி வெயிலைத் தாங்குகிறார்களா? அக்கா போனில் இரண்டு நிமிடத்துக்குள் வைத்துவிடுகிறாள். கடிதம் போடச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டபடி மஞ்சள் நைலான் கயிறு நூறு மீட்டர் பார்சலில் வருகிறது. கடையில் இருப்பதில் நல்லது அதுதான். முனைகளை நானே மெழுகுவத்தியில் சுட்டு அடைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். இது சாமான் கட்டுகிற கயிறு. ஆள் தொங்கக் கூடாது. கூட வருகிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பத்திரிகை உங்களை மலைக்கு அனுப்புகிறது என்று அக்கா சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் இல்லை. இருபது வருஷமாக மலையேற்றச் செய்திகளை வெட்டி ஒட்டுகிறேன், பதினோரு நோட்டு ஆகிவிட்டது. ஆனால் அத்தான், புரட்டிப் பார்த்தால் குமட்டுகிறது. பிஸ்கட் கம்பெனிக் கொடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிற படம்தான் எல்லாப் பக்கத்திலும். அந்தக் கொடியையும் அரிசியையும் அடுப்பையும் மேலே சுமந்தவன் பெயர் எங்கேயும் இல்லை. "மற்றும் ஆறு சுமைகாரர்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். நம் கடையில் சுமடு இறக்கும் நேசையனுக்கு மத்தியானம் டீ குடிக்கும்போது வாசித்துக் காட்டுவேன். அவன் ஒவ்வொரு தடவையும் கேட்பான், "சொமந்தவன் பேரு போடல்லியோ அண்ணாச்சி?" என்று. நீங்களாவது போடுங்கள்.

உங்கள் அன்பு மைத்துனன்,
கோலப்பன்


திருவனந்தபுரம்.
26.5.2001

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் மலையிலிருந்து சாட்டிலைட் போனில் சொன்ன செய்தி 21ஆம் தேதிப் பத்திரிகையில் வந்திருக்கிறது. நேற்றுத்தான் கையில் கிடைத்தது. அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

"பதினெட்டாம் தேதி, மலையேற்றக் குழுத் தலைவர் பன்சால் கீழ் முகாமில் ஓய்வில் இருந்தபோது, சுமைகாரர் ஜெய்பால் யாரிடமும் சொல்லாமல், சாமான் கட்டும் மஞ்சள் கயிற்றைப் பிடித்துப் பனிப்பிளவில் இறங்கினார். கயிறு அறுந்தது. அனுபவக் குறைவால் நேர்ந்த விபத்து." இப்படித்தானே எழுதியிருக்கிறீர்கள்?

சுமந்தவன் பெயரை ஒருவழியாகப் போட்டீர்கள். செத்த பிறகு, அதுவும் தப்பு அவன் மேல் என்று சொல்வதற்கு.

அத்தான், அது என் கயிறு. தொங்கக் கூடாது என்று எழுதினேனே, நீங்கள் அவனிடம் சொன்னீர்களா? அவனுக்குப் புரிகிற பாஷையில் சொன்னீர்களா? இப்போது கடையில் அந்தக் கயிற்றுச் சுருளைக் கண்டாலே எனக்குக் கை கூசுகிறது. இருந்த ஏழு சுருளையும் மச்சில் தூக்கிப் போட்டுவிட்டேன். கேட்டு வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். பார்வதி, "நீங்களா அவனைத் தள்ளினீங்க?" என்று கேட்கிறாள். தள்ளவில்லைதான். ஆனால் கண்ணை மூடினால் ஒருவன் மஞ்சள் கயிற்றில் தொங்குகிறான்.

அவன் வீட்டில் யார் இருக்கிறார்கள்? விலாசம் அனுப்புங்கள்.

கோலப்பன்


புது டெல்லி.
4.6.2001

அன்பு மைத்துனன் கோலப்பனுக்கு ஆசிகள்.

உன் கடிதத்தை உன் அக்காவும் படித்தாள், அழுதாள். நீ ஏனப்பா இப்படி மனதைப் போட்டு உழப்புகிறாய்? உன் கயிற்றில் குறையில்லை, உன்மேலும் குறையில்லை. மலையில் சாவு சகஜம். ஜெய்பாலுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஒரு தம்பி மட்டும்தான், அவனும் இதே சுமை வேலைதான். விலாசம் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆறுதலாக நாலு வரி எழுது, போதும்.

உன்னைப் பற்றிப் பன்சாலிடம் சொன்னேன். தெற்குக் கோடியில் ஒரு கயிற்றுக் கடைக்காரர் இருபது வருஷமாக மலையேற்றச் செய்திகளைச் சேர்க்கிறார் என்றதும் மனிதர் உருகிவிட்டார். நான் எடுத்த படத்தில் உனக்காகவே கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார். சிகரத்திலிருந்து முகாமுக்கு வந்து சேர்ந்த கோலம் அது. கடையில் மாட்டு. பெரிய விருதுக்கு அவர் பெயர் போயிருக்கிறது. என் புத்தகத்துக்கு முன்னுரையும் எழுதித் தருகிறார்.

ஷில்பாவுக்கு வரன் பார்க்கிறோம். மாமன் நீ வராமல் எதுவும் நடக்காது.

உன் அன்பு அத்தான்,
வேலப்பன்


திருவனந்தபுரம்.
19.6.2001

அத்தானுக்கு,

படம் வந்தது. பெருமையை ஏன் மறைக்க வேண்டும்? அன்றைக்கே ஆரியசாலைத் தெருவில் ஒரு பிரேம் கடையில் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினேன். மூன்று நாள் மாட்டியிருந்தது.

நாலாம் நாள் நேசையன் சாக்கை இறக்கிவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "இந்தாளு இடுப்பில கெடக்கியது என்ன கயிறு அண்ணாச்சி?" என்றான்.

மலை ஏறுகிற கயிறு, ஆளையும் ஆளையும் சேர்த்துக் கட்டுவது என்றேன்.

"அப்போ மத்தே ஆளு எங்கே? இது தானா பொட்டுனதில்லே. கத்தி வச்சு அறுத்ததாக்கும்."

நான் ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன். அத்தான், நான் முப்பது வருஷமாகக் கயிறு விற்கிறேன். பாரம் தாங்காமல் அறுந்த கயிறு துடைப்பம் மாதிரி விரிந்து நிற்கும், ஒரு இழை நீளம், ஒரு இழை குட்டை. பன்சால் இடுப்பிலிருந்து முழங்கால் வரை தொங்குகிறதே நீலக் கயிறு, அதன் முனை ஒரே மட்டமாக இருக்கிறது. உள்ளே இருக்கிற வெள்ளை நூல் வட்டமாகத் தெரிகிறது. எந்தப் பாரமும் கயிற்றை அப்படி அறுக்காது.

படத்தின் மூலையில் உங்கள் கேமரா தேதியும் போட்டிருக்கிறது. 18.5.2001. அன்றைக்கு அவர் கீழ் முகாமில் ஓய்வில் இருந்தார் என்று எழுதியது நீங்கள். இந்தக் கோலத்தில் இடுப்பில் கயிற்றோடா ஓய்வெடுத்தார்?

எனக்குச் சமாதானம் வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள்.

கோலப்பன்


புது டெல்லி.
30.6.2001

கோலப்பா,

இதை வாசித்ததும் கிழித்துப் போடு.

இருவரும் ஒரே கயிற்றில்தான் வந்தார்கள். இறங்கும்போது ஜெய்பாலின் காலடியில் பனி உடைந்து பிளவுக்குள் போய்விட்டான். பன்சால் படுத்து ஊன்றிப் பார்த்திருக்கிறார். ஒரு மணி நேரம் தாங்கினாராம். அவரையும் விளிம்புக்கு இழுத்தபோது அறுத்தார். அறுக்காவிட்டால் இரண்டு பிணம். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

மஞ்சள் கயிற்றுக் கதை அவர் சொன்னது. முகாமில் ஐந்து பேருக்குத் தெரியும். பயணத்துக்குப் பணம் போட்ட கம்பெனிக்காரன் வேறு போனில் நெருக்கிக்கொண்டிருந்தான். நான் எழுதினேன். உண்மையை எழுதியிருந்தால் செத்தவன் எழுந்து வந்துவிடுவானா? இப்போது மாற்றி எழுதினால் என் வேலை போகும், புத்தகம் போகும். ஷில்பா கல்யாணத்தை நினைத்துப் பார். குடும்பத்துக்காக இதை உன்னோடு வைத்துக்கொள். அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பு. வேறு நல்ல படம் தருகிறேன்.

வேலப்பன்


திருவனந்தபுரம்.
12.7.2001

அத்தானுக்கு,

அறுத்ததை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த விளிம்பில் நான் படுத்திருந்தால் நானும் அறுத்திருப்பேனோ என்னவோ. அதற்காகப் பன்சால் வாழ்நாள் முழுவதும் தூங்காமல் கிடந்தால் அவர்மேல் எனக்கு இரக்கம்கூட வரும். ஆனால் அவர் நன்றாகத் தூங்குகிறார். விருது வாங்கப் போகிறார். நீங்கள் அவரைத் தாலாட்டிவிட்டு, செத்தவனுக்கு விவரமில்லை என்று எழுதினீர்கள்.

நான் உங்களுக்காக ஆசையாகக் கொடுத்த கயிறு அத்தான் அது. அதைத்தான் கொலைக் கயிறாக்கினீர்கள். ஒரு மாதம் நான் அந்தப் பாவத்தைச் சுமந்துகொண்டு திரிந்ததும் உங்களுக்குத் தெரியும். என் கடிதத்தைப் படித்துவிட்டு, கூசாமல் கையெழுத்துப் போட்ட படத்தை அனுப்பினீர்கள். அருவருப்பாக இருக்கிறது. உங்கள்மேல் மட்டுமில்லை, அந்தப் படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டி ஊருக்கெல்லாம் காட்டிய என்மேலும்தான். பதினோரு நோட்டையும் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டேன். அவற்றில் இன்னும் எத்தனை ஜெய்பால்கள் கிடக்கிறார்களோ, யார் கண்டது?

படம் திரும்பி வராது. அவன் தம்பிக்கு ரிஜிஸ்டர் தபாலில் போய்விட்டது. கூடவே நாலு பக்கக் கடிதம். நான் தமிழில் எழுதினேன், இங்கே ஸ்கூலில் ஹிந்தி வாத்தியாராக இருக்கும் தாசையன் மாற்றி எழுதித் தந்தார். அண்ணனுக்கு வேலை தெரியாது என்று இனி யாரும் அந்தத் தம்பியைச் சுமைக்குக் கூப்பிடாமல் இருக்கக் கூடாது. பத்திரிகைக்குக் கொடுப்பதா, போலீசுக்குக் கொடுப்பதா, அடுப்பில் போடுவதா, அது அவன் இஷ்டம்.

ஷில்பா கல்யாணத்துக்கு வருவேன். மாமன் முறையை ஒன்று விடாமல் செய்வேன். அக்கா முகம் வாடக் கூடாது. நீங்கள் எதிரே வந்தால் கும்பிடுவேன். அதற்கு மேல் என்னிடம் ஒரு சொல் எதிர்பார்க்க வேண்டாம்.

அந்த நாலு பக்கத்தில் ஒரு வரிக்குத்தான் இரண்டு நாள் பிடித்தது. நடந்ததெல்லாம் தெரிந்தும் மாற்றி எழுதிய பத்திரிகைக்காரர் யார் என்று பெயரைச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று யோசித்தேன். தாசையனும், "அது போதுமே" என்றார். போதாது. அவர் என் அக்காவின் புருஷன் என்பதையும் எழுதினேன். அதை மறைத்திருந்தால் நானும் உங்கள் முகாமில் ஆறாவது ஆள்.

கோலப்பன்