சிக்னலில் அணைந்துபோகும் கார்

என் அன்புச் சரசு,

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஸ்டீயரிங் பிடித்துப் பழகிய கை, பேனாவைப் பிடித்தால் நடுங்குகிறது. வரி நேராகத்தான் கிளம்புகிறது, பாதி வழியில் மேட்டில் ஏறிவிடுகிறது. எழுத்துகள் தீபாவளிக்கு முன்னால் ரங்கநாதன் தெருவில் நிற்கும் ஜனம்போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படி.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். மந்தைவெளிப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. இந்தக் கடிதத்தை எங்கள் வகுப்பு மலரில் போடுவதாக டீச்சர் சொல்லியிருக்கிறார். ஊர் படிக்குமே என்று நம் வீட்டு விஷயத்தை நான் மறைக்கப்போவதில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சேதியை வரிசையாகச் சொல்கிறேன். முடிவை முதலில் சொன்னால் மீதியை நீ கேட்கமாட்டாய்.

நீ கண்ணை மூடுமுன் ஆசைப்பட்டபடியே நம் பெண் கோமதியை என் அக்கா மகன் செந்திலுக்குக் கொடுத்தேன். அவனுக்கு ஜப்பானில் கம்ப்யூட்டர் வேலை. மார்கழியில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. எனக்காகவே பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். யாரிடமும் கொடுக்காமல் நானே படித்தேன். படித்து முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த சோறு குழைந்துவிட்டது.

முழுகாமல் இருக்கும் அவளுக்கு இது ஏழாம் மாதம். அங்கே பனி கொட்டுகிறது, ஆஸ்பத்திரி தூரம், கார் வாங்கவேண்டும். சாதாரண பெட்ரோல் கார் போதும் என்கிறான் செந்தில். அவளுக்கோ புதிதாக வந்திருக்கும் ஒரு காரின்மேல் கண். அதில் பெட்ரோல் என்ஜினும் உண்டு, கரண்டு மோட்டாரும் உண்டாம். மெதுவாகப் போகும்போது மோட்டார், வேகம் எடுத்தால் என்ஜின், மேடு வந்தால் இரண்டும் சேர்ந்து இழுக்கும். பிளக்கில் மாட்டிச் சார்ஜ் செய்யும் வேலை கிடையாது. சிக்னலில் நின்றால் என்ஜின் தானாக அணைந்துவிடும். 'ஆயுசு பூரா வண்டி ஓட்டினவன் நீ. நீ சொல்ற காரைத்தான் வாங்குவோம் நைனா' என்று முடித்திருந்தாள்.

அணைந்துவிடும் என்ற சொல்லை இரண்டு தரம் படித்தேன். அணைந்த வண்டி திரும்பக் கிளம்பாவிட்டால்? நாம் படாத பாடா? கோமதி பிறந்த அன்று கொட்டுகிற மழையில், நான் அப்போது வண்டி ஓட்டிய வக்கீல் ஐயா கொடுத்தனுப்பிய பழைய கார் லஸ் முனையில் அணைந்தது, அணைந்ததுதான். ஹாண்டில் போட்டுச் சுற்றிச் சுற்றி என் தோள்பட்டை கழன்றது. பின் சீட்டிலிருந்து நீ போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. "யோவ், நீ வண்டியைப் பாப்பியா, என்னைப் பாப்பியா? புள்ள வருதுய்யா!" பூக்காரம்மாக்கள் புடவையை மறைப்பாகப் பிடிக்க, நம் பெண் அந்த சீட்டிலேயே பிறந்தாள். அந்தப் பெண்ணை, நின்ற இடத்திலெல்லாம் அணையும் காரில் நான் எப்படி ஏற்றுவேன்?

டாக்ஸி ஸ்டாண்டில் தாஸிடம் சொன்னேன். உனக்குத் தெரியுமே, அவன் வாய் சும்மா இருக்காது.

"இன்னா மச்சி, ஒரே வண்டில ரெண்டு என்ஜினா? ரெண்டு பொண்டாட்டிக்காரன் கதைதான். ஒண்ணு கிழக்கால இஸ்க்கும், ஒண்ணு மேற்கால இஸ்க்கும். நடுவுல உம்பொண்ணு நிப்பா."

"அது கெடக்கட்டும்டா. பிளக்குல மாட்டாம பேட்டரி எப்படி ரொம்பும், அத்த சொல்லு."

அப்போது அவன் சைக்கிள் கண்ணில் பட்டது. ஸ்டாண்டு போட்டு, பெடலை வேகமாகச் சுற்றிவிட்டேன். சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி சுற்றிவிட்டு, டைனமோவை டயரில் சாய்த்தேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது, சக்கரம் சீக்கிரமே நின்றுவிட்டது.

"யோவ், எஞ்சைக்கிள்ல இன்னாய்யா பண்ற?"

"பார்றா! வெளக்கும் எரியுது, பிரேக்கும் புடிக்குது. அந்தக் காருலயும் இதான்டா. பிரேக்ல கால் வெச்சா, இழுத்துக்கினு வந்த மோட்டாரே டைனமோவா மாறிடுது. வண்டியும் நிக்கும், பேட்டரியும் ரொம்பும்."

தாஸ் டைனமோவைத் தட்டிப் பார்த்தான். "அப்போ அத்த தி.நகர்ல ஓட்டணும் மச்சி. பனகல் பார்க் தாண்டறதுக்குள்ள பேட்டரி ரொம்பி ரோட்ல வழியும்!"

ஸ்டாண்டே சிரித்தது. ஆனால் கிளம்புமா என்ற கேள்வி எனக்கு அப்படியே இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அது பிடிபட்டது. நம் வண்டிகளில் செல்ஃப் மோட்டார் என்று ஒன்று இருக்கும், கையளவுதான். அது முக்கி முனகி அவ்வளவு பெரிய என்ஜினைச் சுற்றவேண்டும். கோமதி சொல்லும் காரில் இருப்பதோ, காரையே இழுத்துக்கொண்டு ஓடுகிற மோட்டார். அதற்கு என்ஜினைச் சுற்றிவிடுவதா பெரிய வேலை? நடுத்தெருவில் நின்று கை தட்டினேன் சரசு. ஆட்டோக்காரன் ஒருவன் என்னைச் சுற்றிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை, மாடியில் இருக்கும் என் வீட்டுக்காரம்மாவின் போனுக்குக் கோமதி கூப்பிட்டாள். செந்திலைப் பேசச் சொன்னேன்.

"பனியில பேட்டரி படுத்துக்காதா செந்திலு?"

"கேட்டுட்டேன் மாமா. குளிருக்குன்னே சோதனை பண்ணித்தான் வித்திருக்காங்களாம். நீங்க இன்னா சொல்றீங்க?"

என் ஒரு சொல்லில் அவள் உயிரும் வயிற்றில் இருக்கும் உயிரும் போய்வரவேண்டும். "வாங்குடா," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, இந்த மாசி பிறந்தும் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

நேற்றுக் காலை வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நின்று கத்தினார், "ஏழுமலை, ஜப்பான் போன்!" ஓடினேன். கோமதிதான். "நைனா, வலி வந்துட்டுது. கார்ல குந்திக்கினேன்."

காதை அழுத்தி வைத்துக் கேட்டேன். என்ஜின் சத்தமே இல்லை. லஸ் முனைதான் கண்ணில் வந்தது.

"டேய் செந்திலு, ஸ்டார்ட் பண்ணுடா! இன்னாடா பாத்துக்கினு கீற?"

தூரத்தில் அவன் குரல் கேட்டது. "மாமா, பாதி தூரம் வந்தாச்சு! போய்க்கினே கீறோம்!"

வலிக்கு நடுவிலும் கோமதி சிரித்தாள். பிறகு அவள் மூச்சு மட்டும் கேட்டது. நான் போனை வைக்கவில்லை. "வந்துட்டோம் நைனா," என்றாள். படாரென்று கதவு மூடியது. அந்தக் காரிடமிருந்து நான் கேட்ட சத்தம் அது ஒன்றுதான்.

சாயங்காலம் மறுபடி போன் வந்தது. பேத்தி, சரசு! ஆஸ்பத்திரிக் கட்டிலில், டாக்டர் பக்கத்தில் நிற்க, வெள்ளைத் துணியின்மேல் பிறந்திருக்கிறாள். தாயும் நலம். போனைக் குழந்தையின் பக்கம் வைத்தார்கள். அடேயப்பா! கார் போடாத சத்தத்தையெல்லாம் சேர்த்து இவள் ஒருத்தியே போடுகிறாள்.

அடுத்த வாரம் பெயர் வைக்கிறார்கள். அந்தப் பெயரில் எவ்வளவு கஷ்டமான எழுத்து வந்தாலும் சரி, வகுப்பில் கேட்டுப் பழகி, முதலில் உனக்குத்தான் எழுதிக் காட்டுவேன்.

இப்படிக்கு,
நேற்றிலிருந்து தாத்தாவாகிவிட்ட
உன் வீட்டுக்காரன் ஏழுமலை