பின் சீட்டுக்காகச் செய்த வண்டி

செவ்வாய், நவம்பர் 4

காலையில் தூறல். ஈர இலைகள் டிரைவ்வே முழுக்க ஒட்டிக்கிடக்கின்றன. வார வேண்டும்.

ஆபீசிலிருந்து புது வண்டி. நம்முடையது இல்லை, ஒரு வாரத்துக்கு மட்டும். ஆசியாவில் எங்கள் கம்பெனி விற்கிற பெரிய சொகுசு செடான். அமெரிக்காவிலும் இறக்கலாமா என்று எங்கள் டீமில் ஆளுக்கு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து எழுத வேண்டும். கடைசி ஆள் நான். சாவியைக் கொடுக்கும்போதே மேனேஜர் பிரையன் சொல்லிவிட்டான், மற்ற எல்லோரும் 'நோ' என்று. நான் 'எஸ்' என்றால் காரணம் கேட்பானாம்.

கறுப்பு நிறம். நல்ல நீளம். டிரைவர் சீட் சுமார்தான், சொகுசெல்லாம் பின்னால். படுக்கை போலச் சாய்கிற சீட், காலுக்குத் தனி மெத்தை, ஜன்னலுக்குத் திரை. முன்னால் இருக்கும் சீட்டைப் பின்னாலிருந்தே பட்டன் அமுக்கித் தள்ளிவிடலாம். முதலாளி பின்னால் வர, வேறொருவர் ஓட்டுகிற ஊர்களுக்காகச் செய்தது. இங்கே அவரவர் வண்டியை அவரவர்தான் ஓட்ட வேண்டும்.

வீட்டில் இவர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார். இறங்கி வரவில்லை. பக்கப் பார்வை போய்விட்டது, இனி ஓட்டக்கூடாது என்று கண் டாக்டர் போன குளிர்காலத்தில் சொன்னார். அதிலிருந்து செக்கப்புக்குத் தவிர எங்கும் வருவதில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தால், அங்கே ஒரு பிரேக் இருப்பது போலத் தரையை மிதிப்பார். நான் கத்துவேன். பிறகு வீடு வரும்வரை பேச்சே இருக்காது.

சாப்பிடும்போது, "வண்டி எப்படி இருக்கு?"

"பெருசா இருக்கு."

அவ்வளவுதான்.

புதன், நவம்பர் 5

இந்தியக் கடை. கொத்தமல்லி, தயிர், ராகி மாவு. குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு மாற்றியதில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது.

பார்க்கிங்கில் ஒரு இளம் தமிழ் ஜோடி. "ஆன்ட்டி, இது என்ன வண்டி? இங்க பாத்ததே இல்லையே" என்றான் அவன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் பின்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நான் இறங்கறதா இல்ல. நீ வீட்டுக்கு ஓட்டு."

"இவ்ளோ காசு குடுத்து வாங்கிட்டு நான் டிரைவர் வேலை பாக்கணுமா? நமக்கு எஸ்யூவி போதும் ஆன்ட்டி. ஸ்ட்ரோலர் வைக்கணும், சைக்கிள் வைக்கணும்."

எதிர் வீட்டு ஃப்ராங்கையும் உட்காரவைத்துப் பார்த்தேன். ரிடையர் ஆனவர். காலை நீட்டிச் சாய்ந்து, கண்ணை மூடி, சுகமாகத்தான் இருந்தார். அப்புறம், யார் ஓட்டுவது என்று கேட்டார். அவர் மனைவி வாசலிலிருந்தே முடியாது என்று தலையாட்டினாள்.

ஆக, நோ, நோ.

ஷாம்பூ வாங்க மறந்துபோனேன்.

வியாழன், நவம்பர் 6

நல்ல வெயில், ஆனால் குளிர். வீட்டிலிருந்தே வேலை. மதியம் இவரிடம் போய் நின்றேன்.

"பின் சீட்டைப் பத்தி எழுதணும். ஓட்டிக்கிட்டே நானே எப்படிப் பின்னாடி உக்கார்றது? கொஞ்சம் வாங்களேன்."

"ஃப்ராங்கைக் கூப்பிடு."

"அவரு நிறுத்தி வச்ச வண்டியிலதான் உக்காந்தாரு. ஓடறப்ப எப்படி இருக்குன்னு தெரியணும்."

திரும்பி வந்து மெயில் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடியில் ஷூ தேடும் சத்தம்.

இறங்கி வந்து பின்னால் ஏறிக்கொண்டார். முன் சீட் மறைத்ததால் அவருக்கு ரோடே தெரியவில்லை. அதனால் மிதிக்கவில்லை. ரூட் 22-இல் ஒரு டிரக் குறுக்கே வர, நான் கொஞ்சம் வேகமாகவே பிரேக் போட்டேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. தலையை முழுதாகத் திருப்பி ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்.

"இங்க இவ்ளோ மரம் இருந்துதா?"

"எப்பவுமே இருக்கே."

கொஞ்ச தூரம் போனபின்: "டெக்சஸ்லேர்ந்து வந்தமே, அப்ப நீ பின்னாடிதானே உக்காந்திருந்த?"

ஆமாம். அந்தத் தவிட்டு நிறப் பழைய கார், ஏசி கிடையாது. இவருக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்து, வீட்டுச் சாமான் அத்தனையும் டிக்கியில் திணித்துக் கிளம்பினோம். எங்கள் மகள் பிரியா அப்போது கைக்குழந்தை. நான் கையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். அதனால் நான் பின்னால். வழி முழுக்க இவருடைய பிடரி, வியர்வையில் நனைந்த காலர். அப்புறம் பக்கத்து ஜன்னல். ஆர்க்கன்சாவில் தண்ணீர் கட்டி நின்ற வயல். யாருமே இல்லாத பள்ளி மைதானத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்குகள். நான் அமெரிக்காவைப் பார்த்தது அந்த ஜன்னலில்தான்.

இதையெல்லாம் இன்று அவரிடம் சொல்லவில்லை. டர்ன் எடுக்க வேண்டியிருந்தது.

சனி, நவம்பர் 8

தானே குளித்து, சட்டை மாற்றி, "பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போலாமா?" என்றார். நம்ப முடியவில்லை. காட்டிக்கொள்ளவில்லை.

கோயிலில் கூட்டம். "அங்கிள், பாத்து எவ்ளோ நாளாச்சு" என்று இரண்டு மூன்று பேர். கேண்டீனில் புளியோதரை, இவருக்கு இன்னொரு தட்டு. வெளியே வந்ததும், நியூ ஜெர்சி வந்த புதிதில் ப்ளெய்ன்ஸ்பரோவில் நாங்கள் இருந்த அபார்ட்மெண்ட்டைப் பார்க்க வேண்டும் என்றார்.

போகிற வழியில் ஏதோ பட்டனை அமுக்கிவிட்டார். காலி சீட் முன்னால் நகர்ந்து வந்து என் வலது பக்கக் கண்ணாடியை மறைத்தது. அதே நேரம் நான் லேன் மாறிக்கொண்டிருந்தேன்.

"என்ன பண்றீங்க? எனக்கு ஒண்ணுமே தெரியல."

"எனக்கு தினமும் அப்படித்தான் இருக்கு" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது. சீட்டைப் பின்னுக்கு இழுத்துவிட்டார்.

அபார்ட்மெண்ட் அப்படியே இருக்கிறது. எங்கள் பால்கனியில் யாருடைய சைக்கிளோ, காயப்போட்ட துண்டோடு. இறங்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

"டெக்சஸ்லேர்ந்து வர்றப்ப வழியெல்லாம் நீ எதையோ சொல்லிட்டே வந்த. நான் ம்னு சொன்னதோட சரி. ஒண்ணையும் பாக்கல."

"உங்களுக்கு ரோட்டைப் பாக்கவே சரியா இருந்துது."

"இப்ப சொல்லு."

வயலைச் சொன்னேன். மைதானத்து விளக்குகளைச் சொன்னேன். டென்னசியில் மலைமேல் மேகம் படுத்திருந்ததையும், பிரியா எழுந்து அதற்கு டாடா காட்டியதையும் சொன்னேன்.

"டென்னசில வைப்பர் ஓடல" என்றார். "கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு ஓட்டினேன். குழந்தையையும் உன்னையும் எங்கயாவது மோதிடுவேனோன்னு ஒரே பயம். உங்கிட்ட சொல்லல."

எனக்குத் தெரியவே தெரியாது. எனக்கு அது மேகம். அவருக்கு வைப்பர்.

திரும்பும்போது நன்றாகத் தூங்கிவிட்டார்.

திங்கள், நவம்பர் 10

மழை. ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. நோ. காரணங்கள்: இங்கே ஓட்டுகிறவர்தான் வாங்குகிறவர், அவருக்கு இந்த வண்டியில் ஒன்றும் இல்லை. முன் சீட்டைத் தள்ளினால் கண்ணாடி மறைகிறது. குடும்பத்துக்கு எஸ்யூவி.

படித்துவிட்டு பிரையன், பின் சீட் பற்றி மட்டும் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறாயே, ஏன் என்று கேட்டான். என் கணவர் இதில்தான் பல மாதங்களுக்குப் பிறகு வெளியே வந்தார் என்றேன். அவன் பேனாவைக் கீழே வைத்தான். அதை வைத்து வண்டி விற்க முடியாதே என்றான் மெதுவாக. எனக்கும் தெரியும் என்றேன்.

சாவியைக் கொடுத்துவிட்டு, ஒரு வாரமாக ஆபீஸ் பார்க்கிங்கில் நின்ற என் பழைய காரில் வீடு. ஹீட்டர் சூடாவதற்குள் வீடே வந்துவிட்டது.

"வண்டி போயிடுச்சா?"

"போயிடுச்சு."

டிவி சத்தத்தைக் கூட்டினார். இவர் வெளியே வருவது இத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ரசம் வைத்தேன். உப்பு அதிகம்.

புதன், நவம்பர் 12

காலை 9.30, கண் டாக்டர். வானம் வெளுத்திருந்தது.

வழக்கம்போல அவருக்காக முன் கதவைத் திறந்தேன். அவர் அதைத் தாண்டிப் போய்ப் பின் கதவைத் திறந்தார். சீட்டில் கிடந்த என் கோட்டையும் பைகளையும் ஒதுக்கி, முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

"பாக்கறவங்க என்னை டாக்சி டிரைவர்னு நெனைப்பாங்க."

"நெனைக்கட்டும். நீ எடு."

எங்கள் தெரு தாண்டி வளைவில் திரும்பியதும்:

"அந்தப் பக்கம் தண்ணி தெரியுதே, என்ன அது?"

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து தினமும் அவர் வேலைக்கு ஓட்டிப் போன ரோடு.

"ஏரிங்க. வாத்து இருக்கும், பாருங்க."

"கொஞ்சம் மெதுவாப் போ" என்றார்.

பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். மெதுவாகவே போனேன்.