சேற்றில் விழுந்த முன்பல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி குறைந்ததா?

பழைய போரில் ஏரிக்குள் விழுந்த விமானத்தைத் தேடி, சேற்றைச் சல்லடையில் அலசுகிறோம். விமானியின் எலும்பு கிடைத்தால் அவர் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

நேற்று வழுக்கி விழுந்தேன். பயப்படாதே, முன்பல் பாதிதான் போனது. அது சேற்றில் விழுந்ததும் மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டார்.

"உன் பல்லை அந்த விமானியோடதுன்னு அனுப்பிட்டா, அவங்க வீட்ல அதை வெச்சு அழுவாங்கப்பா."

சாயங்காலம்வரை ஆறு பேர் தேடினார்கள். சேறு கரையக் கரைய, பல் சின்ன நிலாத்துண்டாக வெளியே வந்தது. எனக்காக இத்தனை பேர் குனிந்து பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

விமானி பல் தெரியச் சிரிக்கும் படம் எங்கள் மேசையில் இருக்கிறது. அவர் அம்மா பத்திரப்படுத்தியது.

இரண்டு பனியன் அனுப்பு. வீட்டில் இருக்கும், நான் பல் தெரியச் சிரிக்கும் போட்டோவை மட்டும் நீயே வைத்துக்கொள்.

வண்டி வந்துவிட்டது.

உன் மகன்