நுன்சியாவின் பானை துனிசுக்குப் போன கதை

அன்பு மகள் ஒடீலுக்கு,

இங்கே சிசிலியில், த்ராபனியில் அப்பா சௌக்கியம், முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது. மொண்ட்ரியலில் பனி குறைந்ததா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. போன வாரம் நீ கூப்பிட்டபோது நான் போனை எடுக்காததற்குக் காரணம், கடலுக்கு அந்தப் பக்கம் துனிசில் இருந்தேன், மொழிபெயர்ப்பாளர் வேலையாக. சிரிக்காமல் படி.

எதிர்வீட்டு நுன்சியாவின் மகள் லொரெதானா, கூட வேலை பார்க்கும் துனிசுக்காரப் பையன் அனிஸைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நிற்கிறாள். பையன் தங்கமானவன், ஆனால் நுன்சியாவோ, அவர்கள் வீட்டைப் பார்த்து எனக்குப் பிடித்தால்தான் கல்யாணம், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் பிரெஞ்சு பேசுவார்கள், பெல்ஜியக்காரனான எனக்கு அது தாய்மொழி என்பதால் என்னையும் வரச் சொன்னாள். அனிஸே இருக்கிறானே என்றதற்கு, “மாப்பிள்ளை சொன்னா அவங்கம்மாவுக்குச் சாதகமாத்தான் மாத்திச் சொல்வான், நீங்க வாங்க” என்றாள். நாங்கள் நாலு பேரும் பலெர்மோவில் கப்பல் ஏறும்போது பார்த்தால் நுன்சியா கையில் கூஸ்கூஸ் ரவையை ஆவியில் அவிக்கிற மண்பானை, அதற்குள் பூண்டு, பாதாம், பிரிஞ்சி இலை. வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு, சுட்ட கத்திரிக்காயும் ரொட்டியுமாக எங்கள் வரிசை முழுவதற்கும் ஊட்டாத குறையாகக் கொடுத்தாள், சுங்க அதிகாரிக்குக்கூட ஒரு துண்டு கிடைத்தது.

அனிஸின் அம்மா ஹபீபா வாசலுக்கே வந்து கட்டிப்பிடித்து வரவேற்றாள், ஆனால் அவள் கண் முதலில் போனது பானைமேல்தான். என்னிடம் பிரெஞ்சில், “நம்ம வீட்டுல அடுப்பு இல்லைன்னு இவங்ககிட்ட யாரு சொன்னா?” என்றாள். நான் நுன்சியாவிடம், பானை ரொம்ப அழகாக இருக்கிறதாம் என்றேன். சாப்பிட உட்கார்ந்தோம், பெரிய தட்டு நிறையக் கூஸ்கூஸ், மேலே ஆட்டுக்கறியும் பூசணியும். நுன்சியா ஒரு வாய் வைத்துவிட்டு, முகத்தில் சிரிப்பை மாற்றாமலே என்னிடம் இத்தாலியனில், “மீன் குழம்பு இல்லாம இதுக்கு என்ன ருசி? ரவை வேகவே இல்லை, பல்லுல ஒட்டுது. கறியை மேல போட்டு மறைச்சிருக்கா பாருங்க” என்றாள். லொரெதானா மேசைக்கடியில் என் காலை உதைத்தாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, இவ்வளவு பதமாக அவள் வேறெங்கும் சாப்பிட்டதில்லையாம் என்று ஹபீபாவிடம் சொல்லிவைத்தேன். அனிஸ் தலையைக் குனிந்துகொண்டான், பாவம், வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன்.

ஹபீபா கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு சுத்தமான இத்தாலியனில், “வேகலைன்னு சொன்னீங்களே, அது சரிதான். நீங்க வர்ற பதட்டத்துல அடுப்பைச் சீக்கிரம் அணைச்சிட்டேன். ஆனா இந்தப் பெல்ஜியக்காரர் இனிமே என் வீட்டுல வாயைத் திறக்கக் கூடாது” என்றாள். சின்ன வயதிலிருந்து இத்தாலியத் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்தவளாம்! அனிஸ் குனிந்திருந்தது சிரிப்பை அடக்கத்தான். நுன்சியாவின் முகம் தக்காளியாகச் சிவந்தது, கல்யாணம் இத்தோடு முடிந்தது என்று லொரெதானா கண்ணில் நீர் கட்டிவிட்டது. நுன்சியா எழுந்தாள், வாசலுக்குத்தான் போகிறாள் என்று நான் என் தொப்பியைத் தேடினேன், அவளோ தட்டைத் தூக்கிக்கொண்டு, “வாங்க சம்பந்தி, இன்னொரு தடவை ஆவியில ஏத்துவோம். என் பானை எதுக்கு இருக்கு?” என்றாள். இரண்டு பேரும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். ஒரே சத்தம், சண்டையா சிரிப்பா என்று தெரியவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஆலிவ் காயைக் கொறித்துக்கொண்டு மாலை வரை பட்டினி. ஆனால் வந்த கூஸ்கூஸ் பூப்போல இருந்தது.

செப்டம்பரில் இங்கே கல்யாணம். விருந்துக்கு மீனா கறியா என்று இரண்டு சம்பந்திகளும் தினமும் போனில் மல்லுக்கட்டுகிறார்கள், நடுவில் நான் இல்லை. நீயும் வா. போன கடிதத்தின் அடியில் பெயரை மட்டும் எழுதிவிட்டு நழுவினாயே, அந்த ராபினையும் கூட்டிக்கொண்டு வா. என்னைப் பற்றி அவனிடம் நல்லவிதமாக மாற்றி எதுவும் சொல்லிவைக்காதே கண்ணு, அவனைப் பற்றி என்னிடமும் சொல்லாதே. வரட்டும், சாப்பிட்டுக்கொண்டே பார்த்துக்கொள்கிறோம்.

கடவுள் உன்னை நோய்நொடியில்லாமல் வைக்கட்டும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறக்காதே.

என்றும் உன் நினைவாக,
அப்பா லாம்பேர்