பாக்கி நின்ற மேல் ஏரி

புது ஷூவின் ரப்பர் வாசனைக்கு இவ்வளவு சக்தி உண்டு என்று எனக்குத் தெரியாது. நேற்று நேரு வீதிக் கடையில் பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது. கடைக்காரர் சைஸ் கேட்கிறார். "குளிருக்கு ரெண்டு சாக்ஸ் போடணும், ஒரு சைஸ் பெருசா எடுடி" என்று அன்றைக்குப் போலவே நீ பக்கத்தில் நின்று அதட்டுவதாகத் தோன்றியது.

நெல்லித்தோப்பில் நம் வீடுகள் எதிரெதிரே இருந்த காலம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வுபெற்ற உன் அண்ணன், அங்கேயே மலையடிவாரத்தில் குடியேறி ஒரு போட்டோ அனுப்பினார். ஆல்ப்ஸ் மலையில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஓர் ஏரி. வெயில் காலத்திலும் அதில் பனிக்கட்டி மிதந்தது. அதைச் சமையலறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாய். "அவ்ளோ ஒசரத்துல தண்ணி எப்படிடி நிக்குது? நான் பாக்கணும்" என்றாய். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே ஐம்பதைத் தொட்டவள் நீ. அம்மா போன பிறகு, உனக்கென்று நீ ஆசைப்பட்ட முதல் விஷயம் அதுதான். துணைக்கு என்னையும் இழுத்தாய்.

அண்ணன் போனில் கறாராகச் சொன்னார். விடியும்போது ஏறத் தொடங்கினால் இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். முதலில் கீழ் ஏரி, அதற்கு மேல் செங்குத்தாக ஏறினால் போட்டோவில் இருக்கும் மேல் ஏரி. உடம்பைப் பழக்காமல் வந்துவிடாதீர்கள். சரி, இந்தத் தட்டையான ஊரில் மலைக்கு எங்கே போவது? என் வீட்டு மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினோம். "காந்தி சிலைய ஒரு சுத்து சுத்தவே மூச்சு வாங்குது, ஆல்ப்ஸாம்!" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு அன்று காபி கிடைக்கவில்லை.

பிறகு வீராம்பட்டினம் கடற்கரை மணல். முதுகுப் பையில் பாரத்துக்கு அரிசியைக் கட்டிக்கொண்டு, கால் புதையப் புதைய நடந்தோம். அங்கே கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா, தெனம் அரிசிய எடுத்துக்கினு வர்றீங்க, அப்படியே எடுத்துக்கினு போறீங்க?"

"வேண்டுதல்" என்றாய், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அன்றிலிருந்து அந்த அம்மா நம்மைப் பார்த்தால் எழுந்து நின்று வழிவிட்டார். எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் வயிறு வலித்தது.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தோம், ஷூவைத் தவிர. அதை ஒரு மாதமாவது போட்டுப் பழக்கச் சொல்லியிருந்தார் அண்ணன். "பிளேன் ஏறும்போது புதுசா இருக்க வேணாமா? இத்தப் போட்டுக்கினு மீன் தண்ணியிலயா நடப்பாங்க?" என்றாய். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாங்கிய செருப்பை, நாள் வரும்வரை பெட்டியைத் திறந்து திறந்து பார்த்து மூடி வைத்து வளர்ந்தவர்கள்தானே நாம். ஷூவைப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, பழைய ஹவாய் செருப்பிலேயே பயிற்சியை முடித்தோம்.

ஆல்ப்ஸில், கீழ் ஏரிக்கரையில் நீ ஷூவைக் கழற்றியபோதுதான் பார்த்தேன். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து, சாக்ஸ் ரத்தத்தில் ஒட்டியிருந்தது. வழி நெடுக ஒரு வார்த்தை சொல்லவில்லை நீ. இனி இறங்கத்தான் வேண்டும் என்றார் அண்ணன். மேலே போகும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நீ அண்ணன்கூடப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுடி."

"நீ பாக்காத ஏரி எனக்கு இன்னாத்துக்கு? அடுத்த வருசம் வரலாம்."

அந்தக் குளிர்ந்த தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, கொண்டுபோன புளிச்சோற்றைத் தின்றோம். "வேண்டுதல் பாக்கி நிக்குது" என்று சொல்லிச் சிரித்தாய். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாய்.

அடுத்த வருடம் நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய், வீடு திரும்பவில்லை. வயிற்று வலியை மாதக்கணக்கில் மறைத்திருக்கிறாய் என்று டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு உன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. காலில் ரத்தம் வந்தபோதும் சொல்லவில்லை, அப்போதும் சொல்லவில்லை. எதிர்வீட்டில் நான் எதற்கு இருந்தேன்?

போன வாரம் அண்ணன் கூப்பிட்டார். அவருக்கும் வயதாகிறது, இந்த வெயில் காலத்தில் நான் வந்தால் தானும் கூடவே ஏற முடியும் என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று கடையிலேயே புது ஷூவை மாட்டிக்கொண்டேன். செருப்பைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, நேராகப் பெரிய மார்க்கெட்டுக்குப் போய், மீன் விற்கும் பக்கமாகவே இரண்டு சுற்று நடந்தேன். ஷூவெல்லாம் செதில். பார்த்திருந்தால் நீ தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்.

இன்று காலை வீராம்பட்டினம். முதுகில் அதே பை, அரிசி. கருவாட்டு அம்மாவுக்குத் தலை நரைத்துவிட்டது, ஆனாலும் என்னை அடையாளம் தெரிந்தது.

"இன்னாம்மா, அந்த வேண்டுதல் இன்னும் முடியலியா? கூட வருவாங்களே, அவுங்க எங்க?"

"வேண்டுதலே அவளோடதுதாம்மா" என்றேன். "நான்தான் முடிச்சிட்டு வரணும்."

அவர் எழுந்து நின்று வழிவிட்டார்.