ஓடாத டயர்

1986 பிப்ரவரி 11, செவ்வாய். ஏரியூர்.

மாதையன் மேல் உள்ள ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. நான் வேலை செய்யும் பஞ்சர் கடைக்கு மதியம் தன் டிராக்டர் டிரெய்லரைக் காற்றடிக்கக் கொண்டுவந்தான். இரண்டு டயரிலும் தரையைப் பிடிக்கும் பட்டன் தேயவே இல்லை. ஆனால் பக்கவாட்டில் எல்லாம் வெடிப்பு. திருப்புளி நுனியை வைத்தால் உள்ளே இறங்கியது.

"இது தாங்காதுங்க. ஏழு வருசமா வெயில்ல நின்னு காஞ்ச டயருங்க."

"ஓடாத டயரு எப்படிடா கெடும்? நீ காத்த அடி."

வீட்டில் புது டயர் இரண்டு வைத்திருக்கிறானே, அதை மாட்டலாமே என்றேன். அது கிழங்கு லோடுக்காம். "நாளைக்குக் கடலை புடுங்கப் பொம்பளைங்கதான போறாங்க? மூட்டையா ஏத்தறேன்?" என்று சிரித்தான்.

அவன் கூலிக்கு ஏற்றிப்போகும் இருபது பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. போகாதே என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன்.

"நான் போவலைன்னா வேற ஆள ஏத்திக்குவான். அப்பறம் என்னைய எப்பவும் கூப்புட மாட்டான். வாய மூடிக்கிட்டுக் கெட," என்றாள்.

இருட்டியதும் அவன் களத்துக்குப் போனேன். காற்றை இறக்கிவிட்டு, இரண்டு டயரிலும் வெடிப்புகளின் மேல் கத்தியை ஓட்டினேன். அழுத்தக்கூட வேண்டியிருக்கவில்லை.

காலையில் அவன் புது டயரை மாட்ட வேண்டும். இல்லையென்றால் இருபது பேருக்கும் கூலி போகும். எது நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா நாளைக்குக் களி கிளறித் தூக்குவாளியில் போட்டு வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். இன்னும் அவளிடம் சொல்லவில்லை.